ஓடுபாதையோரக் கல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. அந்த லட்சணத்தில், ரிவர்ஸ் எடுத்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று, பழைய விமானத்தளத்தின் ஓடுபாதையோரம் நின்ற நினைவுக்கல்லை இடித்துவிட்டேன். பேர் செதுக்கியிருந்த பாகம் சுக்குநூறு.

போர்க்காலத்தில் வீரர்கள் விமானம் ஓட்டப் பழகிய இடம் அது. பழகும்போதே விழுந்து, அடையாளம் தெரியாமல் எரிந்துபோன ஒரு வீரனுக்கு வைத்த கல்.

வாராவாரம் அங்கே பூ வைக்கும் பெரியவர் சரியாக அப்போது வந்து சேர்ந்தார். புகார் கொடுத்தால் என் பிழைப்பு போச்சு.

"ஐயா, தெரியாம இடிச்சிட்டேன். புதுக்கல் வச்சுடறேன்."

"நீதான் வாத்தியாரா? விளங்கும்!"

"அதே பேரை வெட்டச் சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்."

உட்கார்ந்தார், எழுந்தார், கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்த்த எனக்கே கால் தரிக்கவில்லை.

"செத்தவர் உங்களுக்கு அண்ணனா, தம்பியா?"

"வெயில் ஏறுது பாரு."

"மழுப்பாதீங்கய்யா. கல்லுல இருந்தது யார் பேரு?"

"என் பேருப்பா. அன்னைக்குப் பறக்கவேண்டியவன் நான். வயித்துவலின்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லாம எனக்காக ஏறினான் என் கூட்டாளி. விமானம் விழுந்ததும் நான் ஓடிட்டேன். பட்டியல்ல என் பேர் இருந்ததால செத்தது நான்னு கல்லு வச்சாங்க. அவனை ஓடிப்போன கோழைன்னு எழுதிட்டாங்க. அவன் பேரைச் சொல்றேன், எழுதிக்கோ."