ஓடி வீச ஒருவர்

பாகங்களாக வரும் கிட் வாங்கித் தானே ஒட்டிச் செய்த குட்டி விமானத்துடன் விஜயநகர் மைதானத்தில் காத்திருந்தார் வரதராஜன். வாக்கிங் வந்த லோகேஷைக் கண்டதும் கைதட்டி அழைத்தார்.

"தம்பி, முன்னாடி செஞ்சது மாதிரியே இதுக்கும் சக்கரம் கிடையாது. நான் ரிமோட்டைப் பிடிச்சுக்கறேன். நீங்க ஓடி வீசினாத்தான் பறக்கும்."

லோகேஷ் வீசினான். விமானம் சீறி எழுந்தது. இருவரும் கூச்சலிட்டார்கள். பிறகு ஒரு காபியைப் பை-டூவாக இரண்டு கப்பில் பகிர்ந்து குடித்தபடி நெடுநேரம் பேசினார்கள்.

"ஏன் சார், சக்கரம் இருந்தா நீங்க தனியாவே விட்டுக்கலாமே?"

"கிட்ல சக்கரம் வர்றதில்லப்பா."

பூட்டைத் திறந்து வீட்டுக்குள் விளக்கைப் போட்டார் வரதராஜன். கிட் பெட்டியில் மிஞ்சியிருந்த சக்கரக் கவரைப் பிரிக்காமலே எடுத்து, இழுப்பறையில் மற்றச் சக்கரக் கவர்களின் மேல் வைத்தார்.

இழுப்பறையை மூட முடியவில்லை.