டீக்கடைக்காரிக்குப் பத்தியம்

"அண்ணி, அந்த டம்ளரைக் கொஞ்சம் காட்டுங்க. இன்னைக்குக் கணக்கு காலையிலேயே முடிஞ்சுபோச்சே."

டீக்கடைக்காரி டம்ளரை நீட்டினாள். இடுப்பில் குழந்தையோடு நின்ற நாத்தனார் குனிந்து மோந்து பார்த்தாள். பால் கலக்காத டீதான். திருப்தியாக நகர்ந்தாள். கல்லாவில் இருந்த அண்ணன்காரன், போலீஸில் சேர வேண்டியவள் இங்கே வந்து நம் உயிரை எடுக்கிறாள் என்று முணுமுணுத்தான்.

ஒரு நாளைக்கு இருநூறு பால் டீ ஆற்றுகிற கை அவளுடையது. போன வாரம் வரை, ஏழு மாதமாக அதில் ஒரு சொட்டு அவள் நாக்கில் பட்டதில்லை. தயிர் கிடையாது, வெண்ணெய் கிடையாது, ஐஸ்கிரீமைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. பிஸ்கட் பாக்கெட்டைக்கூட நாத்தனார் திருப்பித் திருப்பிப் படித்த பிறகுதான் பிரிக்க முடியும்.

எல்லாம் குழந்தைக்காகத்தான். ஒன்றரை மாதத்தில் அதன் மலத்தில் நூல் நூலாக ரத்தம் வந்தது. வீடே பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது. பெரிய டாக்டர் நிதானமாக விளக்கினார். பசும்பாலில் இருக்கிற புரதம் சில குழந்தைகளின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பால் கொடுக்கிறவர் சாப்பிட்டாலே போதும், அது தாய்ப்பால் வழியாகப் போய்க் குடலைப் புண்ணாக்கிவிடுமாம். அதைச் சாப்பிடுவதை விட்டால் தானாக ஆறிவிடும் என்றார். அன்றைக்கு விட்டவள்தான். மூன்றே வாரத்தில் ரத்தம் நின்றது.

போன வாரம் அவரே இன்னொன்று சொன்னார். தினம் ஒரே ஒரு டம்ளர் பால் டீ, ஏழு நாளைக்கு. குழந்தைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பத்தியம் முடிந்தது. ரத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் டம்ளரை அவள் பயந்து பயந்துதான் குடித்தாள். டீ போனால் போகிறது, பிள்ளைக்கு மறுபடி ரத்தம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் போனபோது பெரிய டாக்டர் விடுப்பில் இருந்தார். இளம் டாக்டரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஏழு நாள் விவரத்தையும் நாத்தனார் நோட்டோடு ஒப்பித்தாள். பையிலிருந்து குழந்தையின் அன்றைய மலத்துணியையும் எடுத்துக் கொடுத்தாள். பரிசோதனை முடிந்து வர அரை மணி நேரம் ஆனது.

"சுத்தமா இருக்கு. குடல் நல்லா பழகிடுச்சு. இனிமே என்ன வேணா சாப்பிடலாம்."

"ரெண்டாவது டம்ளரும் குடிக்கலாமா?" என்றாள் டீக்கடைக்காரி.

டாக்டர் சிரித்துவிட்டாள். நாத்தனாரோ அண்ணியைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அண்ணியை இந்தப் பாடு படுத்திவிட்டு இப்போது அழுகையா என்று டாக்டர் அவளைக் கிண்டல் செய்தாள். பிறகு ஒரு தாளை டீக்கடைக்காரியின் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினாள்.

"குழந்தையோட அம்மா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

டீக்கடைக்காரி பேனாவை வாங்கவில்லை. நாத்தனாரின் கை எழுதத் தோதாக, அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா இவதான், டாக்டர். நான் அத்தை. இவளுக்குப் பால் ஊறவே இல்லை, அதான் என் பையன் குடிச்சது போக மிச்சத்தை இந்தக் குட்டிக்குக் கொடுக்கிறேன்."