ஜோசலினின் முடி

செத்த எலி என்றுதான் வெர்டெல் முதலில் நினைத்தாள். குளியல் தொட்டியின் ஓட்டையை அடைத்துக்கொண்டு, ஈரமாக, கறுப்பாக உருண்டு கிடந்தது.

சீப்பின் காம்பால் நெம்பி எடுத்தாள். நூல் நூலாகத் தொங்கியது. முடி!

"ச்சீ, கருமம்!" அதை ஒரு காகிதத்தில் போட்டு வைத்துவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். தூக்கி எறியவில்லை. மகன் வரட்டும், காட்ட வேண்டும்.

மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸி கடற்கரையில் அந்த மோட்டல் அறைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஜூலை மாத வெக்கை. ஏசி இரைந்ததே தவிரக் குளிரவில்லை. சொந்தக்காரர்கள் எண்பது பேர் கூடுகிற வருடாந்தரச் சந்திப்பு. வேலை இருப்பதால் சனிக்கிழமைதான் வர முடியும் என்று சொன்ன லமான்ட், தான் கட்டிக்கொள்ளப் போகிற ஜோசலினை அம்மாவோடு ஒரே அறையில் தங்க வைத்திருந்தான். "பழகிக்கங்க, ரெண்டு பேரும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை மீன் விருந்தில் எல்லார் முன்னாலும் கல்யாணச் செய்தியைச் சொல்வதாக ஏற்பாடு.

பழகிய லட்சணம்தான் இது.

வந்த அன்றைக்கே அந்தப் பெண் ஒரு பாட்டிலைத் திறந்தாள். அரிசி ஊறிப் புளித்த தண்ணீர். அறை முழுவதும் அழுகல் வாடை.

"மிஸ் வெர்டெல், இந்த வெயிலுக்கு முடி காஞ்சு போகாம இருக்கும். உங்களுக்குன்னுதான் கொண்டு வந்தேன், கொஞ்சம் தடவி விடட்டுங்களா?"

"அந்த நாத்தத்தை உன் தலையோட வச்சுக்கம்மா. என் பக்கம் கொண்டு வராதே!"

வெர்டெலின் தலை அப்படிப்பட்டதா என்ன? ஊரிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாள் சலூனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மருந்து போட்டு நேராக்கிய முடி. தோளில் வழுக்கிக்கொண்டு விழும். பகலில் கடல், மாலையில் மோட்டல் நீச்சல் குளம் என்று அவள் இரண்டையும் விடவில்லை.

"குளத்துல குளோரின் போட்டிருக்காங்க. தொப்பி மாட்டிக்கங்க. வந்ததும் நல்ல தண்ணியில அலசிடுங்க" என்று அதற்கும் ஜோசலின் வாயைத் திறந்தாள்.

"முப்பது வருஷமா நேராக்கிட்டு இருக்கேன். நேத்து பொறந்தவ நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

ஜோசலின் தன் தலைத்துணியை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அவள் தலையில் எந்நேரமும் ஒரு மஞ்சள் துணி. தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது குடையை விரித்தது போல நின்ற சுருட்டை முடி அவளுக்கு. "அதை நேராக்கிக்கக் கூடாதா?" என்று வெர்டெல் கேட்டதற்கு, "எனக்கு முளைச்சபடியே இருக்கட்டும்ங்க" என்றாள். இப்போது அந்தத் துணிக்குள் எத்தனை நாள் வேர்வையோ, எத்தனை நாள் எண்ணெயோ! நினைத்தாலே வெர்டெலுக்கு உடம்பு கூசியது.

இரண்டாம் நாள் காலை காப்பியில் ஒரு முடி மிதந்தது. வெர்டெல் காப்பியை அப்படியே கழுவுதொட்டியில் கொட்டினாள். பல் விளக்கிவிட்டு வெளியே வந்தால், ஜோசலின் இவளுடைய கட்டில் மேல் குனிந்து தலையணையிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை மூடிக்கொண்டாள்.

"என் கட்டில்ல என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லைங்க... தலையணையைத் தட்டிப் போட்டேன்."

அவள் போன பிறகு பார்த்தால், உறை மேல் இன்னும் நாலு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தான் இல்லாத நேரத்தில் தன் கட்டிலிலேயே உருண்டிருக்கிறாள்!

இன்றைக்குத் தொட்டியில் இந்த உருண்டை.

மதியம் லமான்ட் வந்து சேர்ந்தபோது ஜோசலின் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். அவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெர்டெல் காகிதத்தைப் பிரித்து மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருடா, நீ கட்டிக்கப் போற மகாராணியோட லட்சணத்தை! தொட்டியில முடி, காப்பியில முடி, என் தலையணையில முடி. மூணு நாளா ஒரு வாய் சோறு இறங்கலை எனக்கு."

"அம்மா, மெதுவா..."

"என்ன மெதுவா? நல்லாப் பாரு, கம்பி மாதிரி நேரா இருக்கு. முளைச்சபடியே இருக்கட்டும்னு எங்கிட்ட பீத்திக்கிட்டு, இவளும் திருட்டுத்தனமா மருந்து போடுறா. அழுக்கி மட்டும் இல்லடா, பொய்க்காரி. நாளைக்கு நீ எழுந்திருச்சு கல்யாணம்னு ஒரு வார்த்தை சொன்னே, நான் அந்த இடத்துல இருக்க மாட்டேன். இப்பவே கிளம்பறேன்."

சொன்னபடியே திரும்பி, தரையிலிருந்த பெட்டியை மூடக் குனிந்தாள். வேர்த்து நனைந்த முடி கழுத்தின் இரண்டு பக்கமும் முன்னால் சரிந்தது.

லமான்ட் அம்மாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு நின்றான். முடி விலகிய இடத்தில் வெறும் தோல் தெரிந்தது. காகிதத்தை மெதுவாக மடித்தான்.

"என்னடா பாக்கறே? உன் ஜோசலினுக்காக ஒரு வார்த்தை பேசேன், பாப்போம்!"

"அம்மா... வெயில் தாங்கலைன்னு ஜோசலின் போன வாரமே மொட்டை போட்டுட்டா."