எண்ணெய் டின் தகரம்

விளக்குத்தூண் பக்கம் இருந்த அந்தப் பாத்திரக் கடையில் மூன்று பெண்களும் முக்கால் மணி நேரமாக அடுப்புகளையே புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை பிள்ளைகளோடு கீழக்குயில்குடி மலையடிவாரத்துக்குப் போகிறார்கள். போன இடத்தில் சுடச்சுடக் காப்பி போட்டுக் குடிக்க ஒரு சின்ன அடுப்பு வேண்டும். ரூத், ஜெனி, முத்துமீனா மூன்று பேர் பிள்ளைகளும் ஒரே யூ.கே.ஜி. எல்லாம் பள்ளிக்கூட வாசலில் காத்துநின்ற பழக்கம்தான்.

“இதப் பாருங்கப்பா, சூட்கேஸ் மாதிரி மூடிக்கிறலாம்.” ரூத் சிவப்பு அடுப்பு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். “அண்ணே, இதுக்கு சிலிண்டர்?”

“சிலிண்டரெல்லாம் வேணாம்க்கா. ஸ்பிரே டப்பா மாதிரி ஒண்ண உள்ள மாட்டிக்கிறணும்.”

“ஸ்டைலா இருக்குல்ல? நீ என்ன சொல்ற முத்துமீனா?”

“நல்லாருக்கு” என்றாள் முத்துமீனா. ரூத் எதைக் காட்டினாலும் அவள் அதைத்தான் சொன்னாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, டிகிரி படித்தவர்கள் பக்கத்தில் நிற்பதே பெரிய காரியம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். “பர்னருக்கு வாசர் மாத்தணும் தம்பி.”

முத்துமீனாவுக்கு அந்தக் குரல் போதும். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அவள் அம்மா, மலையம்மாள்.

மலையம்மாள் தினமும் காலையில் மைதானத்தில் நடக்க வருகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி போட்டு விற்கிறாள். அந்தக் காசில்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள். முத்துமீனா இவர்களிடம் சொல்லி வைத்திருந்ததோ வேறு. “எங்கம்மா எழுமலையில தோட்டந்துரவப் பாத்துக்கிட்டு இருக்கு.”

ஒரு தடவை அம்மா பேரனுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். முத்துமீனா அவளை விறுவிறுவென்று ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பேசி அனுப்பினாள். அதற்கப்புறம் அம்மா அந்தப் பக்கம் வந்ததில்லை.

இப்போது ‘ஏத்தா மீனா’ என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், எல்லாம் போச்சு.

மலையம்மாள் மகளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ரூத் கையில் இருந்த அடுப்பைப் பார்த்தாள்.

“அது வெளிக்காத்துக்கு நிக்காது தாயி.”

ரூத் முகத்தைச் சுளித்தாள். “உங்களக் கேட்டமா?”

“கேக்கல. ஆடிக் காத்துல நிண்டு அடுப்பு பத்தவைக்கிறவ, அதான் சொல்றேன். இதுல பர்னர் தூக்கிக்கிட்டு நிக்கிது பாரு. பள்ளத்துல இருக்குறதா எடு. காலும் அகலமா இருக்கணும், இல்லாட்டி மண்ணுல சாஞ்சிரும். அந்தா, மேல்தட்டுல ரெண்டாவது.”

கடைக்காரர் சிரித்தார். “சரியாத்தான் சொல்றாங்க. செவப்பத் தள்ளி விட்ரலாம்னு பாத்தேன், கெடுத்துட்டாங்க.”

ரூத் முத்துமீனாவின் தோளை இடித்தாள். “அந்தம்மா ஒன்னையே பாக்குது. தெரிஞ்சவங்களா?”

“தெரியலையே” என்றாள் முத்துமீனா.

ஜெனி அட்டைப்பெட்டியில் இருந்ததைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

“எங்க தெருப் பிள்ள ஒண்ணு இதே சாயல்ல இருக்கும், அதான் பாத்தேன்” என்றாள் மலையம்மாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஒயர்க் கூடையிலிருந்து ஒரு தகரத்தை எடுத்தாள். எண்ணெய் டின்னை வெட்டி மூன்று மடிப்பாக மடக்கியது. “இத அடுப்பச் சுத்தி நிப்பாட்டிக்கங்க. காத்து அண்டாது.”

தகரத்தை முத்துமீனாவின் கையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. வாசரை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

‘அப்ப ஒனக்கு?’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முத்துமீனா கேட்கவில்லை.

சனிக்கிழமை மலையடிவாரத்தில் காற்று ஆளைத் தள்ளியது. பக்கத்தில் வந்திருந்த கூட்டம் ஒன்று அதே மாதிரிச் சிவப்பு அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்தது. தகர மறைப்புக்குள் இவர்கள் வாங்கிய மேல்தட்டு அடுப்பு அசையாமல் எரிந்தது. முத்துமீனா சுக்கையும் மல்லியையும் தட்டிப் போட்டு, கருப்பட்டியை நுணுக்கிப் போட்டாள். எல்லாம் கை தானாகச் செய்தது.

ரூத் ஒரு வாய் உறிஞ்சினாள். “அடிப்பாவி, இம்புட்டு ருசியா இருக்கு. யாருகிட்டக் கத்துக்கிட்ட?”

“யூடியூப்ல பாத்தேன்.”

சொன்னதும் முத்துமீனாவால் கையில் இருந்த காப்பியைக் குடிக்க முடியவில்லை.

ரூத் பிள்ளைகளைப் பிடிக்க ஓடினாள். கிளாஸ் கழுவ உட்கார்ந்த முத்துமீனாவின் பக்கத்தில் ஜெனி வந்து குந்தினாள். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“நான் மைதானத்துல தினம் குடிக்கிற காப்பிதான் இது. ‘எம் மக’ன்னு ஒன் போட்டோவப் போன்ல காட்டாம எனக்கு ஒரு நாளும் கிளாஸ் குடுக்க மாட்டாங்க. அன்னைக்குக் கடையில, ‘பேசிறாத’ன்னு கண்ணக் காட்டுனாங்க. பேசாம இருந்துட்டேன்.”

முத்துமீனா கழுவிய கிளாஸையே மறுபடியும் கழுவினாள்.

“நாளைக்கு அந்தத் தகரத்த நீயே கொண்டுபோய்க் குடுத்துரு முத்துமீனா. அடுப்பு அணையாம இருக்க, நாலு நாளா உங்கம்மா முந்தானைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”