அடியில் ஃபோம் வேண்டாம்

"நடந்தா அதிரணும்மா! ஹால்ல ஒரு அடி எடுத்து வெச்சா, கடைசி ரூம் வரைக்கும் தெரியணும். அப்படி ஒரு தரை இருக்கா?"

கார்ப்பெட்டும் மரத்தரையும் விற்கும் அந்தக் கடையில் விற்பனைப் பெண் கால்குலேட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எந்தக் கணக்கையும் மனசுக்குள்ளேயே போட்டுவிடுவாள் என்பதால் கடையில் அவளுக்கு அந்தப் பெயர். சத்தம் வராத தரை வேண்டும் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அதிர வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"எதுக்கும்மா அப்படி?"

"மூணு வாரத்துல பையனுக்குக் கல்யாணம். மருமக வர்றா, அதுக்குத்தான்!" அம்மாளுக்கு நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. வாயெல்லாம் பல். "மாடி பூரா பழைய தரையைப் பேர்த்துப் போட்டாச்சு. அறுநூறு சதுர அடி."

கால்குலேட்டருக்குச் சுருக்கென்றது.

அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஒரு நாளைக்கு அவள் எத்தனை தடவை ஃபிரிட்ஜைத் திறக்கிறாள் என்பது வரை அவளுடைய மாமியாருக்கு அத்துப்படி. ஆனால் இந்த அம்மாள் தரையையே உளவாளியாக்கப் பார்க்கிறாளே!

முகம் தெரியாத அந்தப் பெண்ணை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.

மரத்தரை விற்றால்தான் கமிஷன் அதிகம். கார்ப்பெட் கேட்டு வருகிறவர்களைக்கூட மரத்துக்குத் திருப்பிவிடுவதில் அவள் கெட்டிக்காரி. இன்று எல்லாம் தலைகீழ்.

"மரம் சதுர அடி முன்னூத்தி இருபதும்மா. கார்ப்பெட் எண்பதுதான். நாப்பத்தெட்டாயிரத்துல வேலை முடிஞ்சிடும். மரம்னா ஒரு லட்சத்துத் தொண்ணூத்தி ரெண்டாயிரம். நாலு மடங்கு!"

"கார்ப்பெட் எத்தனை வருஷம் உழைக்கும்?"

"எட்டு வருஷம்."

"மரம்?"

பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு. "அப்பப்ப தேய்ச்சு பாலிஷ் போட்டா... முப்பது வருஷத்துக்கு மேலயே வரும்."

"அதுக்குள்ள கார்ப்பெட்டை நாலு தடவை போடணும். அப்ப ரெண்டும் ஒரே விலைதானே!"

கால்குலேட்டரையே மடக்கிவிட்டாள் அம்மாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி வேறு, 'உனக்கு என்ன ஆச்சு?' என்பதுபோல் முறைத்தார்.

"சரிம்மா, மரமே போட்டுக்கலாம். அடியில ஃபோம் விரிச்சிட்டா அதிர்வு சுத்தமா இருக்காது."

"ஐயையோ, ஃபோமா? வேண்டவே வேண்டாம்! மரச்சட்டத்து மேல நேரா பலகையை அடிச்சிடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காட்சிக்குப் போட்டிருந்த மரத்தரையில் ஏறிவிட்டாள். கூட வந்திருந்த கணவரை அந்தக் கோடியில் நிற்க வைத்து, இந்தக் கோடியிலிருந்து திங்கு திங்கென்று நடந்தாள்.

"தெரியுதா?"

"தெருவுக்கே தெரியுது" என்றார் அவர். "இவ நடைக்கு ஃபோம் போட்டாலும் தெரியும்மா. பில்லைப் போடு."

அதற்குள் காரை நிறுத்திவிட்டு மகனும் கல்யாணப் பெண்ணும் உள்ளே வந்தார்கள். பெண் நேராகப் பலகை மாதிரிகளிடம் ஓடினாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேன் நிறத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். அம்மாள் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திவிட்டு, கணவரோடும் மகனோடும் பில் போடப் போனாள்.

இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. கால்குலேட்டர் மெதுவாகப் போய்ப் பெண்ணின் பின்னால் நின்றாள்.

"மேடம், கார்ப்பெட்தான் வேணும்னு சொல்லிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பெண் திரும்பவில்லை. அடுத்த பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களைத்தான்!"

அப்போதும் திரும்பவில்லை. என்ன திமிர்! கால்குலேட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க எங்க போறீங்க, எங்க வர்றீங்கன்னு வேவு பார்க்கத்தான் உங்க மாமியார் இந்தத் தரையைப் போடறாங்க! அது தெரியுமா உங்களுக்கு?"

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. தூக்கிவாரிப் போட்டது கால்குலேட்டருக்கு.

அம்மாள்!

வேலை போச்சு என்று நினைத்தாள்.

அம்மாள் திட்டவில்லை. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பயந்துட்டியாம்மா? அவளும் இப்படித்தான். பொறந்ததுலேர்ந்தே அவளுக்குக் காது கேக்காது. பின்னாடி வந்து யார் தொட்டாலும் வெலவெலத்துப் போயிடறா."

பலகைகளுக்கு நடுவே பூரித்துப்போய் நின்ற மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவ நடக்கிறது எனக்கு எதுக்கும்மா தெரியணும்? நான் வர்றது அவ காலுக்குத் தெரியணும்."