மூன்றாவது ஓலை

பூசை முடிந்ததும் சாமியார் மூன்றாவது ஞாயிறாக, கடைசி முறையாகக் கல்யாண ஓலை வாசித்தார். "ஜான்பீட்டருக்கும் ஜோஸ்பினுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்."

ஜோஸ்பின் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"யாரும் வந்து கெடுத்துட மாட்டாங்கடி. மாப்பிள்ளையப் பாரு, பரீட்சை எழுத வந்தவராட்டம் உக்காந்திருக்காரு."

யாரும் வரவில்லை. சாமியார் தாளை மடித்தார். ஜோஸ்பின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அதான் தடையில்லன்னு ஆயிடுச்சே. இன்னும் எதுக்குடி அழுவுற?"

"கருக்களாச்சேரிப் படகுல கடலுக்குப் போன எம் புருஷன் செத்துட்டாருன்னு நீங்கல்லாம் சொன்னீங்க. உசுரோட இருந்தா, இதக் கேள்விப்பட்டு எங்கேருந்தாவது வந்து தடுப்பாருன்னுதாம்மா இந்தக் கல்யாணத்துக்கே சரின்னேன்."