பத்துத் தோட்டா

"ஃபேனை நிறுத்து. அப்படியே நீயும் கொஞ்சம் மூச்சு விடாதே."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்றாள் மனைவி, அறை வாசலிலேயே நின்றபடி.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேஜைமேல் குனிந்தார். தராசில் இருந்த வெடிமருந்திலிருந்து ஒரே ஒரு துகளை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டார். யோசித்தார். அதே துகளைத் தேடிப்பிடித்து மறுபடி தராசில் வைத்தார்.

"இப்ப விடலாம்."

ஞாயிற்றுக்கிழமை போட்டி. தொள்ளாயிரம் மீட்டருக்கு அப்பால் நிற்கும் பலகையில் பத்துத் தோட்டா சுட வேண்டும். அந்தப் பத்துக்காக மூன்று மாதமாக வேலை நடக்கிறது. நானூறு வெற்றுத் தோட்டாக் கூடுகளை எடை போட்டு, ஒட்டிப்பிறந்த மாதிரி இருந்த பத்தை மட்டும் பொறுக்கியிருந்தார். குண்டுகளுக்கும் அதே நேர்முகத் தேர்வு.

"என் தம்பி கடையில தோட்டாவைப் பாக்கெட்டோட வாங்கிட்டு வந்துட்டான்."

"அதுக்கு அவன் கல்லை விட்டு எறியலாம்."

"அவன்கிட்ட தோத்தா இந்த ரூம் எனக்கு. நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த டேப்பால் ஜன்னலோரச் சுவரை அளந்தாள். "தையல் மெஷின் கச்சிதமா உட்காரும். ஃபேனும் ஓடும்."

"நாலு துகள் கூடினா, அங்க போய்ச் சேரும்போது ரெண்டு விரல் மேல போயிடும். இதெல்லாம் உன் தம்பிக்குத் தெரியுமா?"

"அவனுக்கு ஒன்பதாம் நம்பர் பலகைன்னு தெரியும். உங்களுக்கு எது?"

"எட்டு. எதுவா இருந்தா என்ன? தோட்டா பேசும்."

ஞாயிறு காலை வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். பக்கத்தில் மச்சினன் துப்பாக்கியோடு ஏதோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். 'உதறல்' என்று நினைத்தபடி இவர் காதடைப்பானை மாட்டிக்கொண்டார்.

தூரத்தில் பத்துப் பலகைகள் தபால்தலை அளவில் கானலில் நெளிந்தன. தொலைநோக்கிக்குள் கறுப்பு வட்டம் பெரிதாக வந்து நின்றது. அதற்கப்புறம் அவர் வேறு எதையும் பார்க்கவில்லை.

சுட்டார். மண்மேட்டுக்குப் பின்னால் குழிக்குள் இருந்தவர்கள் பலகையை இறக்கி, ஓட்டை விழுந்த இடத்தில் வெள்ளை வில்லையைச் செருகி மறுபடி ஏற்றினார்கள். நட்டநடு.

இரண்டாவது, நட்டநடு. மூன்றாவதும். பத்தாவது வில்லை ஏறியபோது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எழுந்து மனைவியிடம் போனார்.

"டேப்பைச் சுருட்டி உள்ள வச்சுக்கோ."

"மைக்ல சொல்லட்டும்," என்றாள்.

மைக் சொன்னது. "முதல் பரிசு, ஒன்பதாம் பலகை. நூற்றுக்கு நூறு."

கைதட்டினார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மச்சினன் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக எழுந்து போனான்.

"கடைசி இடம், எட்டாம் பலகை. பூஜ்யம். பேப்பரில் ஓட்டையே இல்லை."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காலித் தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அன்னைக்கு நீ மூச்சு விட்டே," என்றார் மனைவியிடம்.

"உயிரோட இருக்கணுமேங்க."

"என் கண்ணால பார்த்தேன். பத்தும் நடுவுல."

"சரி, வீட்டுக்குப் போய்ப் பேசலாம். போற வழியில மெஷினுக்கு எண்ணெய் வாங்கணும்."

அவள் காருக்கு நடந்தாள். மச்சினன் கோப்பையை, வேறு யாருடைய பையையோ தூக்கிவந்துவிட்டவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அவரை மரத்தடிக்கு இழுத்துப் போனான்.

"அத்தான், ஒரு விஷயம். அக்காகிட்டகூடச் சொல்லிடாதீங்க."

"என்ன, பாக்கெட் தோட்டாவோட பெருமையா?"

"இல்ல அத்தான். முதல் தோட்டாவே உள்ள மாட்டிக்கிச்சு, இன்னும் வெளியே வரலை. நான் ஒண்ணுகூடச் சுடலை."